எலுமிச்சம்பழமும் பழைய காரும்

ஒன்பது வருஷ காலம் குடும்பத்தைச் சுமந்து, குலதெய்வக் கோயிலுக்கும் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கும் சலிக்காமல் போய்வந்த காரை விற்றுவிடுவதென்று தீர்மானித்து, அதைக் கழுவித் துடைத்து, சீட்டுக்கு அடியில் கிடந்த சில்லறையையும் பொறுக்கிக்கொண்டு, சென்னையில் ஒரு பழைய கார் வியாபாரியின் வாசலில் நான் நிறுத்தியபோது, என் மனத்தில் ஒரு விலை இருந்தது. அவர் மனத்தில் கழித்தல் கணக்கு ஒன்றுதான் இருந்தது.

அவருடைய மெக்கானிக் பெயிண்டின் பளபளப்பை லட்சியம் செய்யவில்லை. கதவோரத்து ரப்பர் பீடிங்கை விரலால் நெம்பி, தொழிற்சாலையில் வைத்த வெல்டிங் புள்ளிகள் வரிசை கலையாமல் இருக்கின்றனவா என்று பார்த்தார். பானெட் போல்ட்டின் தலையில் ஸ்பானர் பட்ட தழும்பைத் தேடினார். இஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றிப் புகை வருகிறதா என்று குனிந்தார். "பின்கதவுல டிங்கர் வேலை நடந்திருக்கே, சார்" என்று அவர் சொன்னதும், என்றோ எதிர்வீட்டுக் கேட்டில் உரசிய அந்த அற்ப சம்பவத்துக்கு நான் குற்றவாளிபோல் வாக்குமூலம் கொடுத்தேன். பதினைந்தாயிரம் ரூபாய் போயிற்று.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு சாஸ்திரமே உண்டு. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகையால் வாங்குபவர் நடுத்தரமான காருக்குரிய விலைக்குமேல் கொடுக்கத் துணியார். அந்த விலைக்கு மனம் ஒப்பாமல் நல்ல கார் வைத்திருப்பவர்கள் விலகிக்கொள்ள, சந்தையில் மட்டமானவையே மிஞ்சி, விலை மேலும் சரியும். இதை விளக்கி அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அக்கர்லாஃப் எழுதிய கட்டுரை, மூன்று பத்திரிகைகளால் நிராகரிக்கப்பட்டு 1970-இல் பிரசுரமாகி, 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைக்கக் காரணமாயிற்று. மோசமான காரை அந்நாட்டார் எலுமிச்சம்பழம் என்பார்களாம். புதுக் காரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிற நாம் அறியாமலே பரிகாரம் செய்துவிடுகிறோம் போலும்!

விலை படிந்த பிறகுதான் காகிதங்களின் அத்தியாயம் ஆரம்பமாகிறது. கடன் தீர்ந்து வருஷங்களாகியும் வண்டியின் பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நிற்குமானால், அதை நீக்கும்வரை பெயர்மாற்றம் நடவாது. இதைவிடப் பெரிய அபாயம், காரைக் கொடுத்த பின்னும் நம் பெயரே நிலைத்திருப்பது. 2007-இல் விற்கப்பட்டுப் பல கை மாறிய கார் ஒன்று 2009-இல் விபத்துக்குள்ளான வழக்கில், நஷ்டஈட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் சொந்தக்காரரையே சாரும் என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் காரை ஒப்படைத்து, அதைப் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டால் பொறுப்பு அவரைச் சேரும் என்ற விதி 2023 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. ஆனால் அங்கீகாரம் பெறாமலே வியாபாரம் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

என் எதிரில் பெயர்மாற்றத்துக்கான 29-ஆம் எண் படிவத்தை நீட்டிய வியாபாரி, "கையெழுத்துப் போடுங்க சார், தேதி மட்டும் விட்டுடுங்க, பார்ட்டி வந்ததும் நாங்க போட்டுக்கிறோம்" என்றார். அரை மணி நேரம் என் பின்கதவை நம்பாதவர் தம்மை நம்பச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டு, கையெழுத்துக்கு முன் தேதியைத்தான் எழுதினேன். அவர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் டயரைப் பார்த்தார். இன்னும் இரண்டாயிரம் குறைந்தது.