மழைக்கு முன் ஒரு வாளித் தண்ணீர்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரு பரபரப்புத் தோன்றுவது வழக்கம். உடைந்த ஓட்டை மாற்றுதல், வாய்க்காலைத் துப்புரவு செய்தல், விறகை உள்ளே அடுக்குதல் என வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். அண்மைக் காலமாக அவற்றோடு இன்னொரு வேலையும் கூடியுள்ளது. வெள்ளமோ சூறாவளியோ வந்து வீட்டைவிட்டுப் புறப்பட நேருமாயின் உடன் எடுத்துச் செல்லவேண்டிய பொருள்களை ஒரு பொதியாகக் கட்டி ஆயத்தமாய் வைத்தலே அது. 1964ஆம் ஆண்டு மார்கழிச் சூறாவளியையும், 1978இல் மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கிய சூறாவளியையும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2008ஆம் ஆண்டு வடக்கை வெள்ளக்காடாக்கிய 'நிஷா'வையும், 2025 நவம்பர் 28ஆம் திகதி கரையேறி இலங்கை முழுவதையும் கலங்கவைத்து அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்ற 'டித்வா'வையும் நாமே கண்டோம். ஆதலின் இத்தகைய பொதி வேண்டியதில்லை என்று இன்று வாதிடுவார் எவருமிலர்.

பொதியில் எவை இருத்தல் வேண்டும் என்பதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மருந்து, ரோர்ச் விளக்கு, நெருப்புப்பெட்டி என்று பட்டியல் நீளும். இவற்றை நனையாமல் வைத்திருப்பது எங்ஙனம் என்ற இடத்துக்கு வரும்போது மட்டும், "வாயை அழுத்தி மூடும் பொலித்தீன் பை ஒன்றில் இடுக" என்று ஒரே வரியில் முடித்துவிடுவர். எந்தப் பை? கடையில் தொங்கும் பத்து வகைகளில் எது நீரைத் தடுக்கும், எது தடுப்பதுபோல் நடிக்கும்? இக்கேள்வியை நான் காலந்தாழ்த்தியே கேட்டேன்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்தைவிட்டு மழையில் நடந்த மக்கள் திரளில் எங்கள் குடும்பமும் ஒன்று. அப்போது நான் பாடசாலை மாணவன். காணி உறுதியை என் அன்னையார் பொலித்தீன் தாளில் மூன்று சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் மடித்து, சைக்கிள் ரியூபில் அறுத்தெடுத்த வளையங்களால் இறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். அவ்வுறுதி இன்றும் ஒரு கறையுமின்றி இருக்கிறது. பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து 2008இல் வெள்ளம் வந்தபோது, பட்டதாரியாகிவிட்ட நான், என் சான்றிதழ்களை நாகரிகமான ஒரு பையிலிட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். அதன் வாயில் சிறியதொரு பிளாஸ்ரிக் ஓட்டி இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இழுத்தால் பை மூடிக்கொள்ளும். மூன்று நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பியபோது பை மூடியபடியே இருந்தது. உள்ளே இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீரும் இருந்தது! மீன் தொட்டிக்குள் பார்ப்பதுபோல என் பட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்னையார் என்னை வையவில்லை. "தம்பி, உந்தப் பையை முதல் ஒருக்கா வாளித் தண்ணிக்குள்ளை அமத்திப் பாத்தனியோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மறுமொழியாகவே பின்னர் பைகளை ஆராயத் தொடங்கினேன். அழுத்தி மூடும் பைகளின் தத்துவம் எளிது. வாயின் ஒரு பக்கத்தில் மெல்லிய வரம்பு ஒன்று, எதிர்ப்பக்கத்தில் அவ்வரம்பு சென்று அமரும் தவாளிப்பு ஒன்று. இரண்டையும் விரலால் அழுத்தினால் ஒன்றையொன்று கௌவிக்கொள்ளும். ஐக்கிய அமெரிக்காவின் டவ் நிறுவனம் 1968இல் 'சிப்லொக்' என்னும் பெயரில் வீட்டுப் பாவனைக்கென இத்தகைய பையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உணவு கெடாதிருக்கவே அது தோன்றியது. வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கவன்று. இதை மனத்திற் கொண்டால் பையிடம் நாம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாகும்.

பையின் உடல் நீரை விடுவதில்லை. பொலித்தீன் தாளில் துளையில்லாதவரை நீர் புகாது. நீர் புகுவதெல்லாம் வாயினாலும், வாயின் இரு கோடிகளிலுமே. என்னை ஏமாற்றிய ஓட்டிப் பையின் குற்றமும் அங்கேதான் இருந்தது. பெரும்பாலான ஓட்டிப் பைகளில், மூடி முடித்த பின்னரும் ஓட்டி வந்து தங்கும் கோடியில் நூலளவு இடைவெளி எஞ்சிவிடுகிறது. ரொட்டி காயாமல் வைத்திருக்க அது போதும். வெள்ளத்துக்கு அந்த நூலளவே வாசற்கதவு. ஆகவே ஓட்டியுள்ள பையை இவ்வேலைக்கு நான் வாங்குவதேயில்லை. விரலால் அழுத்தி மூடுவனவற்றுள்ளும் ஒற்றை வரம்பினும் இரட்டை வரம்பு நன்று. ஒன்று வழுவினும் மற்றது காக்கும். சில பைகளில் இரு வரம்புகளும் இரு நிறத்தில் அமைந்திருக்கும். அவை சரியாகப் பொருந்திய இடத்தில் மூன்றாம் நிறம் தோன்றும். கண்பார்வை மங்கிய முதியோர் உள்ள வீட்டுக்கு இவை மிகவும் உகந்தவை.

அடுத்தது தடிப்பு. கடைக்காரர் ஒருவரிடம் இதைப் பற்றி வினவியபோது, "எல்லாம் ஒண்டுதான் மாஸ்ரர், விலைதான் வேறை" என்றார். ஒன்றல்ல என்பதை நம் மாணவர் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே நிறுவலாம். பைத் தாளைப் பத்து மடிப்பாக்கி நுண்மானித் திருகுக் கணிச்சியில் அளந்து பத்தால் வகுத்தால் ஒரு தாளின் தடிப்புக் கிடைக்கும். சாண்ட்விச் வைப்பதற்கான சாதாரணப் பை ஏறக்குறைய 0.03 முதல் 0.04 மில்லிமீற்றர் இருக்கும். குளிர்ப்பெட்டியில் உறையவைக்கும் பொருள்களுக்கெனச் செய்த பை 0.06 அல்லது 0.07 வரை வரும். நாம் எழுதும் தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், முதல் வகை எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும். திறப்புக் கொத்தின் முனையோ, மாத்திரை அட்டையின் கூரிய மூலையோ, கடதாசியிற் குத்திய கம்பியோ அதைக் கிழிக்க ஒரு கணம் போதும். உறைபெட்டிப் பையென எழுதப்பட்டதையே தேடி வாங்குக. அது கிடைக்காதவிடத்து மெல்லிய பை இரண்டை ஒன்றினுள் ஒன்றாக, உட்பையின் வாய் வெளிப்பையின் அடிப்பக்கம் நோக்கும்படி இடுக. வெளிப்பையின் வாயில் புகும் நீர் உட்பையின் வாயை அடைய முழு நீளமும் செல்லவேண்டியிருக்கும்.

இனி, அன்னையார் கேட்ட சோதனை. புதிய பையினுள் காய்ந்த மெல்லிய துடைதாள் ஒன்றை இட்டு, சிறிது காற்றோடு மூடி, வாளித் தண்ணீரினுள் அமிழ்த்தி, இரு கைகளாலும் மெல்ல அழுத்துக. ஒழுக்குள்ள இடத்திலிருந்து குமிழிகள் வரிசையாக எழும். பெரும்பாலும் அவை ஒரு கோடியிலிருந்தே எழும் என்பதை நீங்களே காண்பீர்கள். குமிழி எழவில்லையெனில் காற்றை வெளியேற்றி மீண்டும் மூடி, மேலே ஒரு கல்லை வைத்து இரவு முழுவதும் மூழ்கவிடுக. காலையில் பையின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்த பின்னரே திறக்கவேண்டும். இன்றேல் வாயில் தங்கிய நீர் உள்ளே சிந்தி நல்ல பைக்கும் கெட்ட பெயர் வாங்கித்தரும். உள்ளிருக்கும் தாள் உலர்ந்திருப்பின் அப்பை தேர்வு பெற்றது. ஒரு மீற்றர் ஆழ நீர் வளிமண்டல அமுக்கத்தின் பத்திலொரு பங்கை மேலதிகமாகச் சுமத்துகிறது. வாளி அவ்வளவு ஆழமில்லை. எனவே வாளியிலேயே தோற்ற பை வெள்ளத்தில் வெல்லும் என்று எண்ணுதற்கு இடமேயில்லை.

தேர்வு பெற்ற பையும் மூடுபவர் கையிலேயே தோற்றுவிடுவதுண்டு. தவாளிப்பினுள் ஒரு மணல் துணிக்கை கிடந்தாலும் வரம்பு முழுவதும் அமராது. அதனால்தான் மாவும் மிளகாய்த்தூளும் வைத்திருந்த பழைய பைகளைக் கழுவி இதற்குப் பயன்படுத்துதல் கூடாது என்கிறேன். சிக்கனம் நல்லதே, காணி உறுதியில் அதைக் காட்டவேண்டாம். ஒரு கோடியிலிருந்து தொடங்கி மறுகோடி வரை அழுத்திவந்து, கடைசி ஓர் அங்குலத்தைத் திறந்துவைத்துக் காற்றை வெளியே தள்ளிய பின்னர் அதையும் மூடுக. காற்று நிறைந்த பையின்மேல் ஏதேனும் பாரம் விழுந்தால் உள்ளிருக்கும் காற்றே வாயைப் பிளந்துவிடும். மூடிய பின் வாயை இருமுறை சுருட்டி இறுக்கிக் கட்டினால் காவல் இரட்டிப்பாகும். இறப்பர் வளையம் நம் வெப்பத்தில் சில மாதங்களில் இற்றுப்போகிறது. சைக்கிள் ரியூப் வளையம் அதைவிட நெடுநாள் உழைப்பதைக் கண்டிருக்கிறேன்.

உள்ளே இடும் பொருள் உலர்ந்ததாயிருத்தல் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நீரை வெளியே நிறுத்தும் பை, உள்ளிருக்கும் ஈரத்தை உள்ளேயே சிறைவைத்தும் விடும். மழைநாளில் ஈரம் ஏறிய கடதாசிகளை அவசரமாக மூடிவைத்தால் சில வாரங்களில் பூஞ்சணம் பூக்கும். நல்ல வெயில் நாளொன்றில், வெயில் நேரே படாத காற்றோட்டமான இடத்தில் ஆவணங்களை விரித்து உலர்த்திய பின்னரே பையிலிடுக. பழுப்பேறிய பிளாஸ்ரிக் உறைகளில் ஏற்கெனவே சான்றிதழ்களை வைத்திருப்போர் அவற்றை ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். பீ.வீ.சீ. எனப்படும் வகையாலான உறைகள் காலப்போக்கில் நிழற்பிரதிகளின் மையைத் தம்மோடு ஒட்டவைத்துக்கொள்ளும். எழுத்து உறையிலும் வெறுந்தாள் கையிலுமாக நிற்க நேரும்! மூலப்பத்திரங்களை 'லமினேற்' செய்துவிட்டால் கவலையில்லை என்போரும் உளர். அதை மீண்டும் பிரிக்க முடியாது, பத்திரம் சேதமுறும். பிரதிகளுக்கு அது பொருந்தும், மூலத்துக்குப் பொருந்தாது.

மருந்து, விளக்கு முதலியவற்றைச் சுருங்கச் சொல்வேன். மாத்திரைகளை அவற்றின் அட்டையிலேயே வைத்து, கூரிய மூலைகளை மடித்த துணியால் மறைத்து, மருத்துவமனைக் கிளினிக் கொப்பியோடும் 'ஜீவனி' பொட்டலங்களோடும் தனிப்பையில் இடுக. ரோர்ச்சிலிருந்து மின்கலங்களைக் கழற்றி வேறாக வைக்கவேண்டும். உள்ளேயே கிடந்தால் அவை கசிந்து விளக்கையும் கெடுக்கும். நெருப்புப்பெட்டிக்குப் பையைவிடத் திருகுமூடியுள்ள சிறு போத்தல் மேலானது. மண்ணெண்ணெயின் ஆவி பொலித்தீனை ஊடுருவும். ஆகவே அதன் அருகே உணவுப் பொருளை வைத்தலாகாது. கைத்தொலைபேசிக்கு மெல்லிய, ஒளி ஊடுருவும் பை போதும். பைக்குள் இருக்கும்போதே திரையைத் தொட்டு அழைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

மாணவர்க்கு ஒரு சொல். 2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து அதை இடைநிறுத்தியது. அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் பாடக் குறிப்புகளும் அந்நாட்களில் எந்த மேசைமீது கிடந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். பரீட்சைக் காலம் முழுவதும் அவ்விரு அட்டைகளும் இரவில் பையினுள் உறங்கட்டும். குறிப்புகளுக்குப் பெரிய பை ஒன்று போதும். நீர்மை பேனாவால் எழுதியவை முதலில் கரையும். ஆதலின் அவற்றுக்கே முதலிடம் கொடுக்க.

எல்லாப் பைகளையும் ஒன்றாக இட்டுவைக்க, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியொன்று நல்லது. சுவர்ப்பூச்சு வந்த வாளியைக் கழுவி உலர்த்திக்கொள்ளலாம். அது மிதக்கும், பைகளைக் கிழியாமலும் காக்கும். வெயில் பொலித்தீனை நொறுங்கச் செய்யுமாதலால் சாளரத்தருகே வைக்கவேண்டாம். பொலித்தீன் நீரைத் தடுப்பினும் நீராவியை மாதக்கணக்கில் சிறிது சிறிதாக உள்ளே விடும். ஆகவே ஆண்டுக்கு இருமுறையாவது திறந்து உலர்த்தவேண்டும். நாங்கள் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் ஐப்பசி தொடக்கத்திலும் இதைச் செய்கிறோம்.

இம்முறை மூன்று கடைகளில் இரண்டிரண்டாக ஆறு வகைப் பைகள் வாங்கி, பிள்ளைகளோடு கிணற்றடியில் அமர்ந்து வாளியில் அமிழ்த்தினோம். நான்கு தேறின; இரண்டு குமிழி விட்டன. அவற்றுள் ஒன்று ஆறிலும் விலைகூடியது. அதில் இப்போது கறிவேப்பிலை இருக்கிறது.