வெடிச் சத்தமும் வண்டிச் சத்தமும்

உரத்த ஓசையைக் குறிக்கும் சொற்கள் ஓசையோடு நின்றுவிடுவதில்லை. நெய்வேலிச் சுரங்கப் பேச்சில் புழங்கும் பிளாஸ்ட், பூம், சைரன், டெட்டனேட்டர் ஆகிய ஆங்கிலச் சொற்களும், அவற்றோடு கலந்து வரும் வெடி, சங்கு, முழக்கம் ஆகிய தமிழ்ச் சொற்களும் அப்படிப்பட்டவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் பிறந்து, வழியில் பல பொருள்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கடலூர் மணற்கல் தடித்துக் கிடக்கிறது. 1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மேல்மண்ணை அள்ளியே கழிந்தன. இந்த மணற்கல் சில இடங்களில் மிகக் கடினமானது, மண்ணை அள்ளும் வாளிச் சக்கர இயந்திரத்தின் பற்களைத் தேய்த்துவிடும். அதனால் முதலில் துளையிட்டு, வெடிமருந்து வைத்துத் தளர்த்துகிறார்கள். இதுதான் பிளாஸ்டிங். பழைய ஆங்கிலத்தில் பிளாஸ்ட் என்றால் பலத்த காற்று வீச்சு; இரும்பு உருக்கும் பிளாஸ்ட் ஃபர்னஸ் என்ற பெயரில் அந்தக் காற்று இன்றும் இருக்கிறது. வெடிமருந்து வந்தபின்தான் அது பாறையைப் பிளக்கும் ஓசைக்கும் பெயரானது.

தமிழின் 'வெடி'யில் காற்று இல்லை, பிளவு இருக்கிறது. கோடையில் நிலம் வெடிக்கிறது, பருத்திக் காய் வெடிக்கிறது, குதிகால் வெடிக்கிறது. இவற்றில் எதற்கும் சத்தம் கிடையாது. பாறையைப் பிளப்பதற்குத் தமிழ்ச்சொல்லே கூடுதலாகப் பொருந்துகிறது என்று சொல்லலாம். 'வேட்டு' இதற்கு நெருங்கிய உறவு. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடுவது மகிழ்ச்சி; ஒருவர் வேலைக்கு வேட்டு வைப்பது கேடு.

வெடிமருந்தைத் தூண்டும் டெட்டனேட்டரின் பெயரில் இடி இருக்கிறது. லத்தீனில் 'தொனாரே' என்றால் இடித்தல். வியந்து நிற்பதைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லான அஸ்டானிஷும் இதே வேரிலிருந்து வந்தது. இடி விழுந்தவன்போல் திகைப்பதே அதன் முதற்பொருள். தமிழில் 'அதிர்' என்ற ஒரே வினையிலிருந்து தரையின் அதிர்வும் மனத்தின் அதிர்ச்சியும் பிறந்திருப்பதைப் பார்த்தால், தொடர்பில்லாத இரு மொழிகளும் ஒரே அனுபவத்தைத் தனித்தனியே கண்டுகொண்டது விளங்கும். தரையின் அதிர்வை இன்று அளக்கவும் முடிகிறது. சுரங்கத்துக்குச் சொந்தமில்லாத வீடுகளில் அது அலைவெண்ணைப் பொறுத்து நொடிக்கு 5, 10, 15 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997இல் வரையறுத்தது. மன அதிர்ச்சிக்கு அளவுகோல் ஏதும் இல்லை.

வெடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'எக்ஸ்ப்ளோட்' வந்த வழி இன்னும் விந்தையானது. மோசமாக நடித்தவரைக் கைதட்டியே மேடையை விட்டுத் துரத்துவதற்கு ரோமானியர் வைத்திருந்த சொல் அது. பாராட்டிக் கைதட்டுவதைக் குறிக்கும் அப்லாஸ் அதன் உடன்பிறப்பு.

பூம் வேறு வகை. வெடியோசையைச் சொல்லும் பூம், ஓசையைப் போலச்செய்து பிறந்த சொல். வாளிச் சக்கர இயந்திரத்தின் நீண்ட கைக்கும் பூம் என்றுதான் பெயர், ஆனால் அது டச்சு மொழியில் மரம் என்று பொருள்படும் சொல். ஜெர்மன் மொழியின் 'பௌம்' அதன் உறவு. பாய்மரக் கப்பலில் இருந்த மரக்கட்டை பாரந்தூக்கிக்குப் போய், அங்கிருந்து சுரங்கத்துக்கு இறங்கிவிட்டது. வடிவம் ஒன்றானாலும் இரண்டு பூம்களுக்கும் உறவில்லை.

வெடிக்கு முன்பு ஒலிப்பது சைரன். 1819இல் பிரெஞ்சு அறிவியலாளர் கஞார் த லா தூர் அந்தக் கருவிக்குப் பெயரிட்டார். அது நீருக்குள்ளும் ஒலித்ததால் கிரேக்கக் கதைகளின் கடல் மோகினிகளை நினைத்து வைத்த பெயர். அந்த மோகினிகள் பாடி மாலுமிகளை அழிவுக்கு இழுத்தார்கள். அவர்கள் பெயரைத் தாங்கிய கருவியோ ஆட்களை ஆபத்திலிருந்து விலக்குகிறது. தமிழர் இதைச் 'சங்கு' என்றார்கள். ஆலைச் சங்கும் நகராட்சிச் சங்கும் பல ஊர்களுக்கு நேரம் சொன்னவை. கோயிலில் ஊதுவதும் சங்கு, பிணத்தின் முன் ஊதுவதும் சங்கு, கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவதும் சங்கு. பிறப்பு முதல் இறப்பு வரை உடன் வந்த பொருளின் பெயரை வேலை நேரத்துக்கும் கொடுத்தது நல்ல தேர்வு.

தொழிலாளர்கள் வாயிலில் கூடும் கேட் மீட்டிங்கில் எழும் முழக்கமும் இந்த வரிசையில் சேரும். இடிக்கும் மேளத்துக்கும் உரிய சொல், தொழிலாளர் கோரிக்கைக்கும் வந்தது. ஆங்கிலத்தின் ஸ்லோகன் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் படையின் போர்க்கூச்சலாக இருந்தது. ஓசை பேச்சாக மாறுவது தமிழில் மிகப் பழைய வழக்கம். பறை கருவி, பறைதல் சொல்லுதல். தொல்காப்பிய உரியியல் துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் நான்கையும் ஓசைச் சொற்களாகத் தருகிறது. இவற்றுள் இயம்பல் பேசுதலாகவும், துவைத்தல் துணி வெளுப்பதாகவும் ஆகிவிட்டன. இரங்கல், கழிந்துபோனதற்கு வருந்துவதையும் குறிக்கும் என்று அந்நூலே சொல்கிறது. இரங்கல் கூட்டம் என்ற பெயரில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது.

வேண்டாத ஓசைக்கு ஆங்கிலத்தில் நாய்ஸ். பழைய பிரெஞ்சில் அது சண்டைச் சச்சரவு. தமிழில் இரைச்சல். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70 டெசிபெல் என்றும், குடியிருப்புக்கு 55, 45 என்றும் எல்லை வகுக்கின்றன. பத்து டெசிபெல் கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்காகும். ஆகவே நெய்வேலி போன்ற ஊரில் பகலில் சுரங்கத்துக்கும் நகரியத்துக்கும் சட்டம் வைத்திருக்கும் இடைவெளி நூறு மடங்கு.

இத்தனைக்கும் பொதுவாக வழங்கும் 'சத்தம்' வடமொழியின் சப்தத்திலிருந்து வந்தது. சத்தம் போட்டார் என்றால் திட்டினார் என்று பொருள். மாட்டுவண்டிக்காரருக்குக் கொடுத்த கூலியும் வண்டிச் சத்தம்தான். லாரி வாடகை வந்த பிறகு இந்தப் பொருள் பெரும்பாலும் மூத்தவர்கள் பேச்சோடு நின்றுவிட்டது.