கியர் பெட்டி இரையும்போது

பழைய மாசே பெர்குசன் 35 டிராக்டரின் கியர் பெட்டி இரைந்ததும் வண்டியை இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்பர் சிலர். உழவுக் காலத்தில் அது பெருஞ்செலவு. எங்கே பிரிப்பதென்று அறியாமற் பிரித்தால் மறுமுறையும் பிரிக்க நேரிடும்.

முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். அது குறைந்தாலே இரைச்சல் மிகும். பின்பு நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுக் கிளச்சை மிதியுங்கள். மிதித்தபோது இரைச்சல் எழுமாயின் கிளச்சு பேரிங் தேய்ந்திருக்கும். அடங்குமாயின் குறை பெட்டியினுள். ஒரு கியரில் மட்டும் அலறினால் அதற்குரிய பற்சக்கரத்தை ஐயுறலாம். எல்லாக் கியரிலும், வண்டி நகரும்போது மட்டும் முனகினால் பின்னச்சுப் பக்கம் செவி சாய்க்கவேண்டும்.

எண்ணெயையும் சிறிது வடித்துப் பாருங்கள். நுண்துகள் மினுங்குவது வயதின் தேய்மானம், பொறுக்கலாம். இரும்புச் சில்லு வந்துவிட்டாலோ, உழவு பாதியில் நின்றாலும் வண்டியை ஓட்டாதீர்கள். உடைந்த பல்லொன்று மற்றப் பற்களுக்கிடையே சிக்கினால் பெட்டியே பிளந்துபோகக்கூடும். இவ்வண்டியில் கியர் பெட்டிக்கும் பின்னச்சுக்கும் எண்ணெய் ஒன்றே. சில்லு எங்கிருந்து வந்ததென்பதைச் செவிதான் சொல்லவேண்டும்.