மடங்க வேண்டிய கண்ணாடி

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரி, சிவகிரி பஸ், மில் வேன், புல்லுக்கட்டோடு வரும் எக்ஸ்.எல்., நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலுக்கும் சாஸ்தா கோயில் அணைப் பக்கமும் போகிற வெளியூர்க் கார்கள் என்று எல்லாவற்றுக்கும் இந்தத் தார்ச்சாலைதான். இங்கே ஒரு கார் இன்னொருவர்மேல் உரசினால் பெரும்பாலும் முதலில் உரசுவது பக்கவாட்டில் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் சைடு மிரர்தான். கார் கம்பெனிகள் சொல்லும் அகலத்தில் அந்தச் சாண் கணக்கில் வராது. ஸ்விஃப்ட் காரின் அகலம் 1735 மில்லிமீட்டர் என்றால், அது கண்ணாடிகளை விட்டுவிட்டு அளந்தது.

அதிலும் இடதுபக்கக் கண்ணாடியைத்தான் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். எதிரே வரும் பஸ்ஸுக்கும் தன் காருக்கும் உள்ள இடைவெளி அவருக்குத் துல்லியமாகத் தெரியும். பஸ்ஸுக்கு ஒதுங்க இடப்பக்கம் ஒடிக்கும்போது ஓரமாக நடக்கும் பாட்டியின் முழங்கைக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி என்பது ஓர் ஊகம்தான். காரின் பக்கக் கண்ணாடி தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வளர்ந்தவருக்கு அது முழங்கை, சைக்கிளிலும் பைக்கிலும் போகிறவருக்கு ஹேண்டில்பார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தலை.

அதனால்தான் அது மடங்குகிறது. மடங்கும் கண்ணாடி என்றாலே குறுகிய சந்தில் நிறுத்த வசதி என்று நினைக்கிறோம். விற்பனையாளர்களும் பட்டனைத் தட்டினால் மடங்கிக்கொள்ளும் என்பதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பட்டன் வசதி 1984இல் ஜப்பானின் நிசான் லாரல் காரில் வந்தது. ஆனால் பட்டன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இடி வாங்கினால் கண்ணாடி விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்பது தனி விதி. காருக்கு வெளியே இருப்பவரின் உடம்பைக் காக்க எழுதப்பட்ட விதி அது.

கண்ணாடியின் தலைப்பகுதி கதவில் பொருத்திய அடிப்பகுதிமேல் ஓர் அச்சில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வலுவான ஸ்பிரிங் ஒன்று, இரண்டு பாகங்களிலும் உள்ள மேடு பள்ளங்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருக்கும். காற்று வேகமும் சாலைக் குலுக்கலும் அந்தப் பிடியைத் தாண்டாது. ஒரு கை மோதினால் மேடு பள்ளத்தைவிட்டு ஏறி, தலை திரும்பிவிடும். போகிற கார் ஒருவரை இடித்தால் அது பின்னோக்கி மடங்க வேண்டும். நிற்கிற காரைப் பின்னாலிருந்து வந்த பைக் தட்டினால் முன்னோக்கி மடங்க வேண்டும். நல்ல வடிவமைப்பு இரண்டு பக்கமும் இடம் கொடுக்கும். மோட்டார் வைத்த கண்ணாடியில் கூடுதலாக ஒரு நழுவுபிடி உண்டு. இடி விழும்போது பல்சக்கரங்கள் நொறுங்காமல் அது நழுவிவிடும். அதன்பிறகு கண்ணாடி கொஞ்சம் லொடலொடவென்று ஆடினால் உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். கையால் நடுநிலைக்குக் கொண்டுவந்து, பட்டனில் ஒருமுறை மடக்கி விரித்தால் பல மாடல்களில் 'டக்' என்ற சத்தத்தோடு பிடி மறுபடி விழுந்துவிடும்.

இதை எப்படிச் சோதிக்கிறார்கள்? ஐக்கிய நாடுகள் அவையின் 46ஆம் எண் வாகன விதியில் ஓர் ஊசல் இருக்கிறது. ஒரு மீட்டர் நீளத் தண்டின் முனையில், 5 மில்லிமீட்டர் ரப்பர் போர்த்திய, 165 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு. மோதும் எடை 6.8 கிலோ. நேர்க்கோட்டிலிருந்து 60 பாகை தூக்கி விடுகிறார்கள். கண்ணாடியின் முகத்தில் ஒருமுறை, முதுகில் ஒருமுறை. இடித்தபின் ஊசல் அங்கேயே நின்றுவிடக்கூடாது. மறுபக்கம் குறைந்தது 20 பாகையாவது ஏற வேண்டும். அதாவது கண்ணாடி அதை மறித்து நிற்காமல் வழிவிட்டிருக்க வேண்டும். பளிங்கு உடைந்தாலும் சில்லுகள் சிதறாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கண்ணாடியின் அடிவிளிம்பு தரையிலிருந்து 2 மீட்டருக்குக் கீழே இருந்தால், வண்டியின் அகலத்தைத் தாண்டி 250 மில்லிமீட்டருக்குமேல் நீட்டக்கூடாது. இந்தியாவில் பக்கக் கண்ணாடிக்கான தரம் ஏ.ஐ.எஸ். 001, அதை வண்டியில் பொருத்தும் முறைக்கு ஏ.ஐ.எஸ். 002. இவை ஐ.நா. விதியை அடியொற்றியவை.

அந்த ஊசல் மோதும் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்தான் வருகிறது. ஐம்பதில் போகிற காரின் கண்ணாடி ஒருவரைத் தட்டும்போது அடியின் ஆற்றல் அதைப்போல ஏறக்குறைய இருபது மடங்கு. ஆகவே மடங்கும் கண்ணாடி இருக்கிறதே என்று ஊருக்குள் வேகம் எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. மேலும், பைக்கில் போகிறவருக்குப் பெரிய ஆபத்து கண்ணாடியின் அடியைவிட, அந்த அடியில் ஹேண்டில்பார் திரும்பிக் கீழே விழுவதும், பின்னால் வருகிற லாரியும்தான்.

இவ்வளவு யோசித்து வைத்த பிடியை நாம் என்ன செய்கிறோம்? ஆட்டம் கண்ட கண்ணாடியை எம்-சீல் வைத்து அசையாமல் ஒட்டுகிறோம். அச்சின் வழியாக ஸ்க்ரூ முடுக்குகிறோம். வேன்களிலும் சின்ன லாரிகளிலும் கண்ணாடி உடையாமலிருக்க அதைச் சுற்றி இரும்புக் கம்பியை வளைத்துப் பற்றவைக்கிறோம். கண்ணாடி தப்பித்துவிடும், எதிரே வருபவரின் தோள் தப்பிக்காது. முன்பக்க பம்பர் கார்டுகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. அதற்கு அடிப்படை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. வண்டியை அனுமதியின்றி மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். கண்ணாடியைச் சுற்றிய இரும்புக் கூட்டைப் பிடித்து அபராதம் போடுவதைப் பார்ப்பது அரிது. ஆனால் அந்தக் கம்பியில் மோதி ஒருவர் விழுந்து வழக்கு வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு நேர்மாறான பழக்கமும் உண்டு: கண்ணாடியை மடக்கிவைத்துக்கொண்டே ஓட்டுவது. கடைத்தெருவில் உடையாமலிருக்க மடக்கியவர் நெடுஞ்சாலை ஏறியும் விரிக்க மறந்துவிடுகிறார். இடப்பக்கக் கண்ணாடி அலங்காரம் என்றே நினைக்கிற ஒரு தலைமுறை இன்னும் வண்டி ஓட்டுகிறது. அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2009இல் வந்த டாட்டா நானோவின் விலை குறைந்த மாடலில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. ஆனால் இடப்பக்கம் நுழையும் பைக்கைக் காட்டுவதும், பஸ் ஸ்டாப்பில் கதவைத் திறக்குமுன் சைக்கிள் வருகிறதா என்று சொல்வதும் அந்தக் கண்ணாடிதான். அது குவிந்த கண்ணாடி என்பதால் பின்னால் வரும் வண்டி இருப்பதைவிடத் தூரத்தில் தெரியும். அதன் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பது இந்த எச்சரிக்கைதான்.

சரி, கண்ணாடி ஒருவரைத் தட்டிவிட்டது, அவர் விழுந்துவிட்டார். ஓட்டியவர் செய்ய வேண்டியதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு சொல்கிறது: காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழிசெய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத வேண்டும். கூட்டத்தைப் பார்த்து உயிருக்குப் பயந்தால் அங்கிருந்து விலகலாம். நேரே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். "கண்ணாடிதானே உரசியது" என்று போய்விட்டால் 187ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

விழுந்தவர் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் அதிகம். 108க்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக்கூடாது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்திலும் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சைக்கு இடமுண்டு. தூக்கிவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தவரைச் சாட்சியாக வா என்று கட்டாயப்படுத்த முடியாது. 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தால் சட்டத்தின் கண்ணில் அது சின்னக் காயமில்லை, கொடுங்காயம். 164ஆம் பிரிவின்படி கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம், யார்மேல் தப்பு என்று நிரூபிக்காமலேயே வண்டி உரிமையாளரோ அவரது இன்ஷூரன்ஸ் கம்பெனியோ தர வேண்டும். சம்பள இழப்பு, நிரந்தர ஊனம் என்று அதிகம் கேட்க வேண்டுமானால் 166ஆம் பிரிவில் மனுப் போட்டு, மற்றவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். தேவதானத்துக்காரர் விபத்து எங்கே நடந்திருந்தாலும் தான் வசிக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்தில் போடலாம். மாவட்டத் தலைமை நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில்தான். 2022 ஏப்ரல் முதல் இந்த மனுவுக்கு ஆறு மாதக் கெடு வந்திருக்கிறது. கட்டுப் பிரித்து, பிசியோதெரபி முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால் கெடு ஓடிவிடும். ஐயாயிரம் ரூபாயைக் கையில் திணித்து "எந்தப் புகாரும் இல்லை" என்று வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்பவர்களிடம், எக்ஸ்ரே எடுக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டதா? சாலையில் உடைந்து கிடக்கும் கண்ணாடியின் மேலோட்டைப் பெருக்கி ஓரமாகத் தள்ளாமல், போட்டோ எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அதன் நிறமும் உள்ளே அச்சிட்டிருக்கும் பாக எண்ணும் எந்த மாடல் வண்டி என்று பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அருகில் உள்ள கடைகளின் கேமராப் பதிவு சில நாளில் அழிந்துவிடக்கூடும் என்பதால் அதைக் கேட்டு வாங்கச் சொல்லி அன்றே காவலரிடம் சொல்லுங்கள். கடைசிவரை வண்டி அகப்படாவிட்டால், 161ஆம் பிரிவின் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. மனுவை வருவாய்க் கோட்ட அளவில் உள்ள அதிகாரி விசாரிப்பார், மாவட்ட ஆட்சியர் உத்தரவிடுவார். இதற்கும் அடிப்படை காவல் நிலையப் பதிவு.

கார் வைத்திருப்பவர் பக்கம் வருவோம். மோட்டார், இண்டிகேட்டர் எல்லாம் உள்ள கண்ணாடி ஒன்று உடைந்தால் செலவு ஆயிரங்களில் போகும். உடனே கிளெய்ம் போடத் தோன்றும். வழக்கமான பாலிசியில் பளிங்குக்குத் தேய்மானக் கழிவு இல்லை, பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். அதற்குமேல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய் கட்டாயம் நம் கையிலிருந்து. உதாரணத்துக்கு 6,000 ரூபாய் பில்லில் பெரும்பகுதி பிளாஸ்டிக் என்றால் கைக்கு வருவது 2,000 ரூபாய் சுற்றுவட்டம். அதற்காக, ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த 50 சதவீதத் தள்ளுபடி மறுவருடம் போய்விடும். கண்ணாடி மட்டும் உடைந்த கேஸில் பெரும்பாலும் கைக்காசு போடுவதே லாபம். ஆனால் யாருக்காவது காயம் என்றால் இந்தக் கணக்கே கூடாது. அன்றே கம்பெனிக்குத் தெரிவித்தாக வேண்டும்.

மாற்றும்போது கடையில் 'கம்பெனி', 'லோக்கல்' என்று இரண்டு விலை சொல்வார்கள். லோக்கல் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். வாங்குமுன் கையால் தள்ளிப் பாருங்கள். இரண்டு பக்கமும் மடங்குகிறதா, பளிங்கு வளைந்து உருவத்தைக் கோணலாகக் காட்டுகிறதா, தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பில் வாங்குங்கள். பில் இல்லாவிட்டால் புகார் எடுபடுவது கஷ்டம். வீட்டிலுள்ள காரையும் எப்போதாவது இதேபோல் தள்ளிப் பார்க்கலாம். பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஸ்கூல் வேனின் கண்ணாடியை அப்படித் தள்ளிப் பார்ப்பதில் பெற்றோருக்குக் கூச்சமே வேண்டாம்.

வாரண்டிக் காலத்திலேயே பிடி தளர்ந்து கண்ணாடி தானாகத் திரும்புகிறது, சர்வீஸ் சென்டரோ "வெளியே இடிபட்டது" என்று கைவிரிக்கிறது என்றால் அதை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தைக்கு மறுப்பு எழுத முடியாது. கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். முதல் படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். குறையுள்ள பொருளால் உடம்புக்குத் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளரிடம் நஷ்டஈடு கேட்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது.

உங்கள் மாடல் கார் எல்லாவற்றிலுமே அந்தக் குறை இருப்பதாகத் தெரிந்தால் இன்னொரு வழி மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை பற்றி, வரையறுத்த அளவுக்கு உரிமையாளர்களின் புகார் சேர்ந்தால், அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்துச் செலவில்லாமல் சரிசெய்யும்படி கம்பெனிக்கு மத்திய அரசு உத்தரவிட முடியும். 2021 ஏப்ரல் முதல் இதற்கான விதிகள் நடப்பில் உள்ளன. புகாரைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் இணையதளத்தில் பதியலாம். பதியும்போது வண்டியின் பதிவு எண்ணும் சேஸிஸ் எண்ணும் கையில் இருக்கட்டும்.