பதக்கப் பட்டையும் பத்து மடங்கு லென்ஸும்

சென்ற மாதம் கடைக்கு வந்த ஒரு தம்பி, "நாநா, பழைய ஜேர்மன் பட்டாளத்துப் பதக்கங்களுக்கு வெளிநாட்டில் நல்ல விலையாமே? நீங்கள் ஜேர்மனிக்குப் போய் வருகிறவர்தானே, கொஞ்சம் எடுத்துப் பார்ப்போமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இந்தச் சரக்கில் நான் ஒரே ஒரு தடவைதான் கை வைத்தேன். 650 யூரோ கொடுத்துப் படித்த பாடம் அது.

நமது மாணிக்க வியாபாரிகளுக்கு இடார் ஓபர்ஷ்டைன் என்ற ஊரைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பல நூறு வருடங்களாகக் கல் வெட்டிப் பிழைக்கும் ஊர். 2006ஆம் ஆண்டு அங்கே போயிருந்தபோது, என்னிடம் வழமையாக நீலக்கல் வாங்கும் ஒரு வயதானவர், கணக்கு முடிந்த பிறகு அலுமாரியில் இருந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்துக் காட்டினார். அவருடைய தகப்பனின் பதக்கப் பட்டை. ஒரு உலோகத் தகட்டின் மேல் ரிப்பன்களை மடித்து, கையால் தைத்து, மூன்று பதக்கங்களை வரிசையாகத் தொங்க விட்டிருந்தார்கள். பின்பக்கம் கறுப்புக் கம்பளித் துணி. சட்டையில் குத்திக்கொள்ள நீளமான ஊசி. விழாக்களுக்கு இந்தப் பெரிய பட்டை. அன்றாட உடுப்புக்கு ரிப்பன் மட்டும் உள்ள சின்னப் பட்டை. இரண்டும் சோடியாகக் கிடைத்தால் விலை கூடும்.

முதலில் இருந்தது இரும்புச் சிலுவை, இரண்டாம் தரம். பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் 1813இல் நெப்போலியனுக்கு எதிரான போரின்போது ஏற்படுத்திய விருது இது. அந்தக் காலத்தில் பிரஷ்யா கஷ்டத்தில் இருந்தது. ஆகவே தங்கம் வெள்ளி என்று போகாமல் இரும்பில் செய்து, ஓரத்துக்கு மட்டும் வெள்ளி வைத்தார்கள். பெரிய பிரபு, சாதாரண சிப்பாய் என்ற பேதம் பார்க்காமல் கொடுத்ததுதான் அதன் பெருமை. பிறகு 1870, 1914, 1939 ஆகிய வருடங்களில் நடந்த போர்களுக்காகப் புதுப்பிக்கப்பட்டது. சிலுவையின் கீழ்க் கையில் அந்த வருடம் இருக்கும். 1914 என்று இருப்பதைக் கண்டு யாரும் மயங்க வேண்டாம். முதலாம் உலகப் போரில் இரண்டாம் தரம் மட்டும் சுமார் 50 இலட்சம் கொடுக்கப்பட்டது. அவ்வளவு புழக்கத்தில் உள்ள சாமானுக்குத் தனியாகப் பெரிய விலை வராது.

இரண்டாவதாக நீலத்தில் சிவப்புக் கரை போட்ட ரிப்பனில் ஒரு கறுப்புச் சிலுவை. நடுவில் எஃப்.ஏ. என்ற எழுத்துக்கள், கீழே 1914. இது ஓல்டன்பேர்க் என்ற நாட்டின் விருது. எனக்கு விளங்கவில்லை. ஓல்டன்பேர்க் வடக்கே, கடலுக்குக் கிட்டவுள்ள இடம். இந்த மலையடிவாரத்துக் கல்வெட்டும் தொழிலாளிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கிழவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். 1871இல் உருவான ஜேர்மன் பேரரசு ஒரே நாடு அல்ல. பிரஷ்யா, பவேரியா, சக்சனி என்று 25 அரசுகள் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி விருது, தனி ரிப்பன். இடாரும் ஓபர்ஷ்டைனும் அமைந்திருந்த பிர்க்கன்பெல்ட் பகுதி, நெப்போலியன் போர் முடிந்து நாடுகளைப் பங்கு போட்டபோது, நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்த ஓல்டன்பேர்க் ஆட்சியாளருக்குப் போய்விட்டது. 1937 வரை அப்படித்தான் இருந்தது. ஆகவே அந்தச் சிலுவை அவருடைய சொந்த நாட்டு விருது. பட்டையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஆள் எந்த ஊர், போர்முனைக்குப் போனவனா, எத்தனை வருடம் சேவை செய்தான் என்பதெல்லாம் ரிப்பனிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, வெண்கல நிறத்தில் குறுக்காக இரண்டு வாள்கள் உள்ள கௌரவச் சிலுவை. இதை 1934இல்தான் ஜனாதிபதி ஹிண்டன்பேர்க் ஏற்படுத்தினார். முதலாம் போரில் கலந்துகொண்டவர்கள் விண்ணப்பித்துப் பெற்றார்கள். இந்தச் சிலுவை ஒரு பட்டையில் இருந்தால், அந்தப் பட்டை 1934க்கு முன் தைக்கப்பட்டிருக்க முடியாது. இந்த ஒரு விடயத்தை மட்டும் நான் மனதில் நன்றாகப் பதித்துக்கொண்டேன். பதித்தது போதாது என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து வேறொரு பெரிய நகரத்தின் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். அங்கே ஒருவரிடம் ஐந்து பதக்கங்கள் உள்ள பட்டை. 1914 இரும்புச் சிலுவை, பவேரியாவின் இராணுவச் சேவைச் சிலுவை, சிவப்பு எனாமல் போட்ட ஹம்பேர்க் ஹன்சாச் சிலுவை, கறுப்பு நிறத்தில் ஒரு கௌரவச் சிலுவை, கடைசியில் பிரஷ்யாவின் 9 வருடச் சேவைப் பதக்கம். மூன்று அரசுகளின் விருது ஒரே நெஞ்சில்! இப்படிக் கலந்து வருவது உண்டு. கலந்து வந்தால் விலையும் கூடும். தனித்தனியாக வாங்கினால் மிகக் குறைந்த விலைதான். பட்டையாக இருப்பதற்கே காசு. ஒரு மனிதனுடைய வாழ்க்கை கலையாமல் அப்படியே கிடைக்கிறது என்பதற்கான விலை அது. 900 கேட்டார், 650க்கு முடித்தேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை. நமது சந்தையில் கற்பொதி வாங்கும்போது வெயிலில் பிடித்து, தண்ணீரில் போட்டு, நான்கு பேரிடம் காட்டுகிற நான், அன்று பத்து நிமிடத்தில் காசை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

கிழவரிடம் கொண்டுபோய்ப் பெருமையாக மேசையில் வைத்தேன். முதலில் அவர் காந்தத்தை எடுத்தார். இரும்புச் சிலுவையின் நடுப்பாகம் இரும்பு என்பதால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது. லென்ஸால் ஓரத்தைப் பார்த்தார். நல்ல சிலுவை மூன்று துண்டுகளால் ஆனது: நடுவில் இரும்பு, முன்னும் பின்னும் இரண்டு வெள்ளிச் சட்டங்கள். சட்டங்களை ஒட்ட வைத்த கோடு பக்கவாட்டில் தெரிய வேண்டும். வார்ப்பில் ஊற்றிய போலியில் அந்தக் கோடு இருக்காது. எனதில் கோடு இருந்தது. எனக்கு மனம் குளிர்ந்தது.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: "உன் பையில் இருக்கும் யூ.வீ. விளக்கு எதற்கு?"

கல்லைப் பரிசோதிக்க நான் எப்போதும் கொண்டு திரியும் விளக்குத்தான். அறையை இருட்டாக்கி அதைப் பட்டையின் மேல் பிடித்தார். தைத்த நூல் முழுவதும் நீல வெள்ளையாகப் பளீரென்று எரிந்தது. துணியையும் நூலையும் வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் இரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. 1930களில் தைத்த நூலில் அது இருக்க வழியில்லை. இதிலும் ஒரு கவனம் வேண்டும். பழைய துணியை இந்தக் காலத்துச் சவர்க்காரத்தில் கழுவினாலும் அது ஒளிரும். ஆனால் பட்டையை யாரும் கழுவுவதில்லை. மடிப்புக்கு உள்ளேயும் நூல் அதே மாதிரி எரிந்தது. ரிப்பனைத் தூக்கிப் பார்த்தால் இன்னொரு சாட்சி. வருடக்கணக்கில் தொங்கிய பதக்கம் பின்னாலுள்ள துணியில் தழும்பு வைக்கும். ஒன்றோடொன்று உரசி விளிம்பு தேயும். ரிப்பனின் வெளிப்பக்கம் வெளுத்து, மடிப்புக்குள் நிறம் அப்படியே இருக்கும். எனதில் தழும்பும் இல்லை, உரசலும் இல்லை. உள்ளும் புறமும் ஒரே நிறம்.

பதக்கங்கள் ஐந்துமே உண்மையானவை. அவற்றை ஒன்றாகச் சேர்த்த கைதான் பொய். நமது பாஷையில் சொன்னால் ஒட்டுக்கல்: மேலே நல்ல கல், கீழே வேறொன்று, நடுவில் பசை.

கடைசியாக அவர் அந்தக் கறுப்புக் கௌரவச் சிலுவையில் விரலை வைத்தார். வாள் உள்ளது போர்முனைக்குப் போனவனுக்கு. வாள் இல்லாத வெண்கல நிறம் பின்னணியில் சேவை செய்தவனுக்கு. வாளும் இல்லாமல் கறுப்புப் பூசியது, போரில் மாண்டவனின் மனைவிக்கும் பெற்றோருக்கும் கொடுத்தது. அது ஒரு சிப்பாயின் பட்டையில் வரவே முடியாது. சந்தைக்காரனுக்கு ஐந்தாவது பதக்கம் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. எங்கோ ஒரு வீட்டில் இருந்த ஒரு விதவையின் சிலுவையை எடுத்து நடுவில் தைத்துவிட்டான். நூலைப் பார்த்து ஏமாந்ததை விட இதுதான் எனக்கு உறைத்தது. ரிப்பன் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நிறத்தைக் கவனித்திருந்தால் விளக்கே தேவைப்பட்டிருக்காது.

கேட்ட தம்பிக்காக இன்னும் சில விடயங்கள். முதலாவது, கடதாசி. விருதுப் பத்திரமும் இராணுவக் கையேடும் கூட வந்தால் பட்டையின் பெறுமதி வேறு. இதற்கு ஒரு காரணம் உண்டு. 1945 ஏப்ரலில் பொட்ஸ்டாம் நகரத்தின் மேல் நடந்த குண்டுவீச்சில் பிரஷ்ய இராணுவத்தின் ஆவணங்களில் பெரும் பகுதி எரிந்துவிட்டது. பவேரியாவின் ஆவணங்கள் மியூனிக்கில் தப்பியிருக்கின்றன. ஆகவே பவேரியச் சிப்பாயின் பெயர் தெரிந்தால் தேடிப் பார்க்கலாம். பிரஷ்யச் சிப்பாய்க்குப் பெரும்பாலும் அந்த வழி அடைபட்டுவிட்டது. அதிகாரிகள் என்றால், அவர்கள் பெற்ற விருதுகளோடு அச்சான பழைய பட்டியல் புத்தகங்கள் உண்டு. அபூர்வமான சேர்க்கையாக இருந்தால் ஒரே ஒரு அதிகாரிக்குத்தான் பொருந்தும் என்று பெயரையே கண்டுபிடிக்கிறார்கள்.

இரண்டாவது, ஹிட்லர் காலத்துச் சாமான். ஸ்வஸ்திகாவைப் பகிரங்கமாகக் காட்டுவது ஜேர்மனியில் குற்றம். வரலாறு, ஆய்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஏலக்காரர்கள் படத்தில் அதை மறைத்தே அச்சிடுவார்கள். 1957இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஸ்வஸ்திகா நீக்கிய வடிவில் மட்டும் பழைய விருதுகளை அணிய அனுமதித்தார்கள். இந்த 1957 வடிவங்களைப் போர்க்காலத்துச் சாமான் என்று விற்கப் பார்ப்பவர்களும் உண்டு. போலி அதிகம் வருவதும் இந்தக் காலத்துச் சரக்கில்தான். எப்படிப்பட்ட ஆட்களின் கையில் இது போய்ச் சேரும் என்பதும் தெரியாது. நான் தொடமாட்டேன்.

மூன்றாவது, நீல மாக்ஸ் என்று பெயர் பெற்ற பூர் லெ மெரிட். 1740இல் ஏற்படுத்தப்பட்டது, முதலாம் உலகப் போர் முழுவதிலும் 687 தான் கொடுத்தார்கள். சந்தை மேசையில் ஒன்று கிடந்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரப் போக்கிரியை நமது பெரியவர்கள் "எம்டன்" என்பார்களே, அந்த எம்டன் கப்பலின் தளபதி கார்ல் வொன் முல்லருக்கும் 1918இல் அது கிடைத்தது. 1914 செப்டம்பரில் சென்னைக்குக் குண்டு போட்டு, இலங்கைக்கு மேற்கே கப்பல்களைப் பிடித்து, கொழும்புத் துறைமுகத்தையே கலங்க வைத்தவர் அவர். அந்தக் கப்பலில் இருந்து எடுத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களில் 1000ஐ அவுஸ்திரேலியாவில் பதக்கமாகவே செய்துவிட்டார்கள்.

எனது பட்டையைக் கிழவரின் மேசையிலேயே பிளேட்டால் பிரித்தேன். நான்கு பதக்கங்களைத் தனித்தனியாக, சேர்த்துத் தைத்தவை என்ற விபரத்தையும் சொல்லி, அவருக்குத் தெரிந்த ஒரு சேகரிப்பாளரிடம் விற்றேன். 210 யூரோ கிடைத்தது. கறுப்புச் சிலுவையை அவர் வேண்டாம் என்றார். அது இன்னும் கடை லாச்சியில், கற்பொதிக் கடதாசிகளுக்கு இடையில் இருக்கிறது. பின்பக்கத்தில் செய்தவரின் முத்திரை மட்டும் லென்ஸில் தெரிகிறது. யாருக்குக் கொடுத்தது என்று அதில் எழுதியிருக்கவில்லை.