கையில் பந்து, களத்தில் கண்

அவுஸ்திரேலிய மண்ணில் வளரும் நம் சிறார்களுட் பலர் கூடைப்பந்தாட்டத்தில் ஆர்வமுடையோராய் உள்ளனர். ஆயினும் "நான் கட்டை, எனக்குச் சரிவராது" என ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளையும், "எங்கள் ஆட்களுக்கு உயரம் காணாது" எனக் கூறும் பெற்றோரையும் நாம் காண்கிறோம். இவ்வெண்ணம் பொருத்தமற்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனேடிய ஆசிரியர் இவ்விளையாட்டை உருவாக்கினார். அவரது விதிகளின்படி பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓடலாகாது. எதிரணியினர் சூழ்ந்தபோது, வீரர்கள் பந்தைத் தரையில் தட்டித் தாமே மீண்டும் பிடித்துத் தப்பினர். அதுவே 'டிரிபிளிங்' எனப்படும் தட்டிச் செல்லும் கலையாக வளர்ந்தது. நம் தாய்மார் பள்ளியில் ஆடிய வலைப்பந்தாட்டத்தில் இக்கலைக்கு இடமில்லை.

உயரத் துள்ளும் பந்தை எதிரணியினர் இலகுவிற் பறிப்பர். தாழத் துள்ளும் பந்தைப் பறித்தல் அரிது. ஆகவே, தரைக்கு அண்மையில் கையுள்ள சிறியோருக்கு இக்கலை நன்கு பொருந்தும். ஏறத்தாழ 185 சென்ரிமீற்றர் உயரமுடைய பட்டி மில்ஸ், தம்மிலும் மிக உயர்ந்தோர் நடுவே ஆடி, 2021இல் நடைபெற்ற ரோக்கியோ ஒலிம்பிக்கில் சுலோவீனியாவுக்கு எதிராக 42 புள்ளிகள் பெற்றார். அவுஸ்திரேலிய ஆடவர் அணி இவ்விளையாட்டில் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அன்று கிடைத்தது.

இனிப் பயிற்சி முறையை நோக்குவோம்.

முதலாவது, கை. உள்ளங்கையால் அறையாது, விரல்களை விரித்து விரல் நுனிகளாற் பந்தைத் தள்ளுக. முழங்கால்களைச் சற்று மடித்து நிற்க. பந்து இடுப்புக்கு மேல் எழலாகாது. எதிராளி நெருங்கினால் அவருக்கு அப்பாலுள்ள கைக்குப் பந்தை மாற்றி, முழங்கால் உயரத்திற் தட்டுக.

இரண்டாவது, கண். பந்தையே நோக்குபவர் தம் அணியினரைக் காணார். தாயோ தந்தையோ எதிரே நின்று விரல்களைக் காட்ட, பிள்ளை தட்டியவாறே அவ்வெண்ணைத் தமிழிற் கூறட்டும். ஒரே வேளையில் இரு பயிற்சிகள் நிறைவேறும்.

மூன்றாவது, இடக்கை. வலக்கை மட்டும் பழகியவரை ஒரு பக்கம் மறித்தாற் போதும். எனவே வலக்கையால் 50 முறை தட்டினால் இடக்கையால் 100 முறை தட்டுக. பாவியாத கை தளரும். பேசாத மொழியும் அவ்வாறே.

விதிகளையும் மறவற்க. இரு கைகளாலும் ஒருங்கே தட்டுதல், நிறுத்திப் பிடித்தபின் மீண்டும் தட்டுதல், பந்தின் அடியிற் கைவைத்து ஏந்திச் செல்லுதல் ஆகியன தவறுகளாம்.

சிறுவர்க்கு 5ஆம் அளவுப் பந்து ஏற்றது. நாள்தோறும் பத்து நிமிடங்கள் போதும். ஹோம்புஷ், வெஸ்ட்மீட் போன்ற இடங்களில் அடுக்குமாடிகளில் வசிப்போர், கீழ்வீட்டார் துன்புறாவண்ணம் பூங்காவின் சீமெந்துத் தளத்தை நாடுக.

பெற்றோர்களே, உயரம் நாம் கொடுத்தது. கைத்திறன் பிள்ளைகள் தாமே தேடிக்கொள்வது. அதற்கு நாளும் பத்து நிமிடம் அவர்கள் எதிரே நின்று விரல் காட்டுவோமாக.