தொண்ணூறுகளின் இசை ரசனைப் பிளவு: ஆண்டிபட்டி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

1992இல் ‘ரோஜா’ வெளிவந்த பின்னர்த் தமிழ்த் திரையிசை ரசிகர்கள் இளையராஜா, ஏ.ஆர். ரகுமான் என்னும் இரு பெயர்களைச் சுற்றி அணி பிரிந்தனர். அப்பிளவு ‘மண்ணின் இசை’, ‘கணினி இசை’ என்னும் எதிர்மையாகப் பேசப்பட்டது. இளையராஜா பிறந்த தேனி மாவட்டத்தின் திரையிசை வரலாற்றோடு இவ்வெதிர்மை பொருந்துகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாடலைக் கேட்ட சூழலும் கருவியும் ரசனை வேறுபாட்டில் பெரும்பங்கு வகித்தன என்பதை இது விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: திரையிசை, ரசிகர், ஏற்புக் கோட்பாடு, தேனி வட்டாரம், ஒலிநாடா

முன்னுரை

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாக மேற்கே செல்வோர் கணவாயைக் கடந்ததும் அடையும் ஊர் ஆண்டிபட்டி. தேனிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இதுவே நுழைவாயில். கைத்தறி நெசவும் வேளாண்மையும் சார்ந்த இவ்வட்டாரத்தில் தேநீர்க் கடை, பேருந்து, திருமண வீடு, கோயில் திருவிழா ஆகிய பொதுவெளிகளில்தான் திரைப்பாடல் பெரிதும் கேட்கப்பட்டது. இளையராஜாவின் பண்ணைப்புரமும் இதே மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். ஆகவே இங்குள்ளோர் இயல்பாகவே இளையராஜாவின் பக்கம் நின்றிருப்பர் என்று கருதத் தோன்றும். அக்கருத்தை மறுபரிசீலனை செய்யவேண்டியுள்ளது.

இரு தரப்பு வாதங்கள்

1976இல் ‘அன்னக்கிளி’ வழியாக அறிமுகமான இளையராஜாவின் இசை, 1992க்குள் ஒரு தலைமுறையின் வாழ்வோடு கலந்திருந்தது. அவருடைய ரசிகர்கள் புதிய இசையின்மீது மூன்று குறைகளைச் சுமத்தினர்: தாளம் மெட்டை மறைக்கிறது, இயந்திரம் கலைஞரின் இடத்தைப் பிடிக்கிறது, சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. ரகுமானின் ரசிகர்களோ ஒலியின் துல்லியம், புதிய குரல்கள், எதிர்பாராத அமைப்பு ஆகியவற்றைச் சுட்டினர்.

ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாஸ், ஒரு படைப்பை வாசகர் தம் முன்னனுபவம் உருவாக்கிய எதிர்பார்ப்புகளின் எல்லைக்குள் நின்றே ஏற்கின்றனர் என்றார். இலக்கியத்தை முன்வைத்து அவர் கூறியது திரையிசைக்கும் பொருந்தும். பதினாறு ஆண்டுகள் ஒரே இசை வகுத்த எதிர்பார்ப்பே முதல் தரப்பின் அளவுகோலாக அமைந்தது. அந்த எதிர்பார்ப்பு உடைந்ததே இரண்டாம் தரப்பின் மகிழ்ச்சியாயிற்று.

‘மண்’ என்னும் அளவுகோல்

‘மண்ணின் இசை’ என்னும் வாதம் தேனி மாவட்டத்திலேயே சிக்கலுக்குள்ளாகிறது. 1980இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்தின் இயக்குநர் பாரதிராஜா அல்லிநகரத்தைச் சேர்ந்தவர், இசையமைப்பாளர் பண்ணைப்புரத்தவர், அப்படத்தில் பாடலாசிரியராக அறிமுகமான வைரமுத்து வடுகபட்டியில் வளர்ந்தவர். மூவரும் ஒரே நிலப்பகுதியினர். இக்கூட்டணி பின்னர்க் கலைந்தது. வைரமுத்து 1980களின் பிற்பகுதியில் இளையராஜாவிடமிருந்து விலகினார். 1992இல் ‘ரோஜா’வுக்குப் பாடல்கள் எழுதினார். பாரதிராஜா ‘நாடோடித் தென்றல்’ (1992) வரை இளையராஜாவுடன் பணியாற்றிய பின், ‘கிழக்குச் சீமையிலே’ (1993), ‘கருத்தம்மா’ (1994) ஆகிய கிராமியப் படங்களுக்கு ரகுமானை நாடினார்.

பெண் சிசுக்கொலையைப் பேசிய ‘கருத்தம்மா’வின் பாடலுக்காகச் சுவர்ணலதாவும் வைரமுத்துவும் தேசிய விருது பெற்றனர். தேனி குஞ்சரம்மாள் என்னும் நாட்டுப்புறப் பாடகியின் குரல், ரகுமான் இசையமைத்த ‘காதலன்’ (1994), ‘முத்து’ (1995) ஆகிய படங்களிலும் ஒலித்தது. எனவே தேனி ரசிகர் ஒருவர் ‘நம் மண்’ என்று கூறும்போது, அம்மண்ணின் இயக்குநரும் கவிஞரும் பாடகியும் மறுபக்கத்திலும் இருந்தனர்.

‘கணினி இசை’ என்னும் வாதமும் இவ்வாறே தளர்கிறது. ‘புன்னகை மன்னன்’ (1986) படத்தில் இளையராஜாவே மின்னணு ஒலிகளைத் துணிந்து கையாண்டார். ரகுமான் இசையமைப்பாளராவதற்கு முன் இளையராஜாவின் குழுவில் விசைப்பலகை வாசித்தவர். ஒருவரைக் கிராமத்துக்குள்ளும் மற்றவரைக் கருவிக்குள்ளும் அடைக்கும்போது, மேலைச் செவ்வியல் இசையில் இளையராஜா பெற்ற புலமையும் நாட்டார் மெட்டில் ரகுமான் காட்டிய ஈடுபாடும் ஒருசேர மறைக்கப்படுகின்றன.

கேட்கும் கருவி

இப்பிளவை வயதைக் கொண்டு மட்டும் விளக்குவது பொதுவழக்கு. கேட்கும் கருவியும் கருதத்தக்கது. விழாப் பந்தல்களில் கட்டப்பட்ட குழாய் ஒலிபெருக்கி, மனிதக் குரலும் குழலும் அமையும் இடைநிலை அலைவரிசைகளையே வலுவாக ஒலிக்கும். தாழ்ந்த அலைவரிசைகள் அதில் நலிந்துவிடும். இடம், வலம் எனப் பிரித்துப் பதியப்பட்ட ஒலிகள் ஒன்றாகக் குழம்பும். ரகுமானின் பாடல்களில் ஆழ்ந்த தாளமும் மெல்லிய ஒலி அடுக்குகளும் மெட்டுக்கு நிகரான பங்கு வகிப்பவை. அவற்றைக் குழாய் ஒலிபெருக்கி வழியே கேட்டவருக்கு மெட்டு மெலிந்தும் சொல் மங்கியும் தோன்றியிருக்க வாய்ப்புண்டு. அதே பாடலை ஸ்டீரியோ டேப் ரெக்கார்டரிலோ காதொலிக் கருவியிலோ கேட்ட இளைஞருக்கு அது முற்றிலும் வேறொரு பாடல். ஒரே படைப்பைப் பற்றிய இரு கருத்துகள் எனப்பட்டவை, ஒருவகையில் இரு வேறு ஒலிகளைப் பற்றிய கருத்துகளே. இவ்வேறுபாட்டில் வசதியின் பங்கும் உண்டு. நல்ல ஒலிக்கருவி அன்று எல்லா வீடுகளுக்கும் எட்டுவதாக இல்லை.

சிற்றூர்க் கேசட் பதிவுக் கடைகள் மற்றோர் உண்மையைக் காட்டுகின்றன. வாடிக்கையாளர் தாளில் எழுதித் தரும் பாடல்களை 60 நிமிட ஒலிநாடாவில் வரிசையாகப் பதிந்து தருவது அக்கடைகளின் வழக்கம். ‘தேவர் மகன்’ பாடலை அடுத்து ‘ரோஜா’ பாடலைப் பதிவதற்கு எத்தடையும் இருந்ததில்லை. அணி பிரிந்து வாதிட்டவரும் தனிமையில் இரண்டையும் கேட்க இந்நாடா இடமளித்தது. ரசிகரின் பேச்சும் ரசிகரின் கேட்பும் ஒன்றல்ல என்பது ஆய்வாளர் கருதவேண்டிய செய்தியாகும்.

முடிவுரை

தொண்ணூறுகளின் ரசனைப் பிளவை மண்ணுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான போராகக் காண்பதற்குத் தேனி வட்டாரத்தின் திரையிசை வரலாறே இடம் தரவில்லை. முன்னனுபவம் வகுத்த எதிர்பார்ப்பு, கேட்ட இடம், கிடைத்த கருவி ஆகிய மூன்றும் கருத்து வேறுபாட்டை வடிவமைத்தன. அன்றைய ஒலிநாடாக்களும், அவற்றின் உறைகளில் கையால் எழுதப்பட்ட பாடல் பட்டியல்களும் வேகமாக அழிந்து வருகின்றன. ரசிகரின் நினைவுகளை வாய்மொழி வரலாறாகப் பதிவதோடு அப்பட்டியல்களையும் திரட்டினால், தமிழர் எதை விரும்புவதாகச் சொன்னார்கள், எதைக் கேட்டார்கள் என்னும் இரண்டையும் ஒப்பிட்டு அறியலாம்.